காதுக்குப் பின்னால் பவுடர்

முப்பத்தைந்து நிமிஷம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. ஒன்பது ஐம்பத்தெட்டுக்குக் கடைசிக் கற்றையில் பிரஷ்ஷை இழுத்து முடித்தேன், ஆக பத்து முப்பத்து மூன்று, சமையலறை டைமரைத் திருகி வைத்தாயிற்று, கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாயிற்று, இனி எனக்குச் செய்ய ஒன்றுமில்லை, செய்ய ஒன்றுமில்லாமல் காத்திருப்பதற்கு ஒரு மூட்டைத் தேங்காயைத் துருவச் சொன்னால் சந்தோஷமாகத் துருவுவேன். உள்ளறையில் என் வீட்டுக்காரர் தங்கவேல், ஐம்பத்து நான்கு வயது, கார்களுக்குள் ஓடுகிற சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்ப்பவர், தோளில் என் பழைய நைட்டியின் கிழிந்த பாதியைப் போர்த்திக்கொண்டு, தலை முழுக்கப் பசையோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கேமராவின் கண்ணில் என் ஸ்டிக்கர் பொட்டு, மெரூன் நிறம், நான்தான் ஒட்டினேன், கை தவறித் திறந்து தொலைத்தால் பெங்களூரில் இருக்கிற அவர் டீம் குழந்தைகள் எல்லாம் மிரண்டுவிடும் பாருங்கள். பத்தேகாலுக்கு அவர்களுடைய ஸ்டாண்ட்-அப், தினசரி மீட்டிங், அதற்குக் கேமரா கட்டாயமில்லை. பதினொன்றரைக்கு வெளிநாட்டுக் கஸ்டமர், அதற்கு வேண்டும். அதற்குள் தலை கறுத்துவிட வேண்டும். கறுத்துவிடும், தலையில் எனக்குச் சந்தேகமில்லை. காதில்தான். இடது காதுக்குப் பின்னால், ஒரு ரூபாய் அகலத்துக்கு, வெள்ளையாக. அவர் குளித்துவிட்டு வந்தபோதே பார்த்தேன். இல்லை, அதை நினைக்கப் போவதில்லை, கிண்ணத்தைக் கழுவலாம், ஸ்டீல் சிங்க்கில் பட்டால் கறை போகாது, ஓரத்தில் வைத்துக் கழுவ வேண்டும்.

கிண்ணத்தில் ஒட்டியிருப்பது பிசையும்போது மோர்க்குழம்பு நிறத்தில் இருந்தது, இப்போது வாதாங்கொட்டை நிறம், இன்னும் பத்து நிமிஷத்தில் அட்டைக்கரி. இதை வாங்கித் தலையில் பூசிக்கொள்கிற கோடிப்பேரில் எத்தனை பேருக்குத் தெரியும், கறுப்பை யாரும் பூசுவதில்லை, பூசுவது நிறமே இல்லாத அமீன் என்கிற ஒரு சின்ன ரசாயனம், அது முடிக்குள் நுழைகிற அளவுக்குப் பொடிசு, உள்ளே போன பிறகு பெராக்ஸைடு அதை எரியவிட்டு, ஒன்றோடொன்று கை கோத்து, பெரிதாகி, கறுத்து, வந்த வழியே திரும்பிப் போக முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான் சாயம். தார் எடுக்கிற நிலக்கரியின் வயிற்றிலிருந்து வந்தது, உலகத்துத் துணி முழுக்க அதன் சொந்தக்காரர்கள்தான். நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, கன்னியாஸ்திரிகள் நடத்திய கல்லூரி, பிராக்டிகலில் முதல் மார்க், கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமாக அந்த மார்க்கை வைத்து மஞ்சள் கறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சின்ன அமீனுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு, நுழைகிற இடத்தையெல்லாம் முடி என்றே நினைத்துக்கொள்ளும், தோலிலும் நுழையும். பத்து தடவை ஒன்றும் செய்யாது, இருபது தடவை ஒன்றும் செய்யாது, உடம்பு மட்டும் கமுக்கமாக அதன் முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டே இருக்கும், பிறகு ஒரு நாள், போதும் என்று சொல்லும். சொன்னால் முகம் வீங்கும், கண் மூடிக்கொள்ளும், சிலருக்கு மூச்சே. அதனால்தான் பெட்டியில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறான், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்னால் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டுத் தடவிப் பார்க்கவும், சிவந்தால் உபயோகிக்காதீர். இந்தத் தெருவில் அதைப் படிக்கிற ஒரே ஆள் நான். மூன்றாவது மாடி கோமதிக்குப் படித்துக் காட்டி, "என்னங்கக்கா, மருந்துக்கடை வெக்கிறீங்களா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவர் காதுக்குப் பின்னால் வைத்தேன். இன்றைக்குப் புதன். பார்க்க வேண்டிய நேரத்தில் பார்த்தேன். பவுடர்.

கல்யாண வீட்டுக்குக்கூடப் பவுடர் போடாத மனுஷன். முகத்துக்கே போடாதவர் காதுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு வந்து, நல்ல பிள்ளையாக ஸ்டூலில் உட்கார்ந்து, "ஆரம்பி பானு, டைம் ஆச்சு" என்றார். பிரஷ் என் கையில் நின்றது. ஒரு நொடிதான். பிறகு நான் என்ன செய்தேன்? வலது பக்கத்திலிருந்து வகிடு எடுத்தேன். எப்போதும் இடமிருந்து வலமாகப் போகிறவள், இன்றைக்கு வலமிருந்து இடமாகப் போனேன், இடது பக்கம் வரும்போது காதை மடக்காமல் மேலாகத் தடவிவிட்டு, தேங்காய் எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக இழுத்துவிட்டு வந்துவிட்டேன். கேட்கவில்லை. ஏனென்றால் கேட்டால் அவர் சொல்வார், சொன்னால் இரண்டு பேருக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் கிண்ணத்தில் பிசைந்ததைக் கொட்ட வேண்டும், கொட்டினால் பதினொன்றரைக்கு அவர் வெள்ளை வேரோடு உட்கார வேண்டும். போன மாதம் அவர்களுடைய அரட்டைப் பெட்டியில் ஒரு பொடியன் "அங்கிள்கிட்ட கேளுங்க" என்று எழுதிச் சிரித்த பொம்மை ஒன்றும் போட்டிருந்தான். அன்று சாயங்காலம் இவர் கண்ணாடி முன்னால் நின்று கிருதாவைத் தடவிக்கொண்டே, "மூணு வாரம்கூட தாங்க மாட்டேங்குதே" என்றார், முடியிடம் புகார் சொல்வது மாதிரி. ஆபீஸில் சத்தியமூர்த்தியை வேலையை விட்டு அனுப்பின வாரம் அது. இவரைவிட ஒரு வயது சின்னவர் சத்தியமூர்த்தி, ரிலீஸ் அன்றைக்குப் போய் இது சரியில்லை என்று சொன்னார், "ஆஃப்லைன்ல பேசிக்கலாம்" என்றார்களாம், அதாவது மீட்டிங்குக்கு வெளியே தனியாக, பேசினார்கள், பதினைந்து நாளில் அவர் வீட்டில் இருந்தார். இப்போது காலையில் பேரனை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுகிறார், அவர் மனைவி போனில் என்னிடம் சொன்னாள், "நாள் பூரா பக்கத்துலயே நிக்கறாருங்க, மிக்ஸி எப்படிப் போடறதுன்னு எனக்கே சொல்லித் தர்றாரு." சிரித்தோம். போனை வைத்ததும் பயத்தில் போய் இரண்டு பெட்டிச் சாயம் வாங்கி வைத்தேன். அந்தப் பயம் நல்ல பயமா கெட்ட பயமா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

பத்து ஐந்து. கீழே மாராத்தா குரல் கொடுக்கிறாள், எங்கள் அடுக்ககத்தின் வண்டிப்பாதை சரிந்து ரோட்டைத் தொடுகிற இடத்தில், புங்க மரத்தடியில் அவளுடைய இஸ்திரி வண்டி. "அக்கா, துணி இருந்தா போடுங்க, கரி சூடா இருக்கு." பால்கனியிலிருந்து, "பொறு மாராத்தா, தலைக்கு மேல வேலை இருக்கு" என்றேன். "உங்க தலைக்கா, அண்ணன் தலைக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள், தெருவுக்கே தெரியும் போலிருக்கிறது. அவளுக்கு மேலே, சரிவில், முதல் மாடிக்காரரின் புதுக்கார் நிற்கிறது, மூக்கு அவள் முதுகைப் பார்த்தபடி. தினமும் அங்கேதான் நிற்கிறது. மூன்று வாரத்துக்கு முன்பு வரை அது கார். இப்போது என்னால் அதைக் காராகப் பார்க்க முடியவில்லை. நம் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேஜையில் கரண்டியை வைத்துக் காட்டியிருக்கக் கூடாது. இப்போதெல்லாம் கையால் இழுக்கிற பிரேக் கிடையாதாம், பட்டனை அழுத்தினால் சின்ன மோட்டார் ஒன்று சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறதாம், பிடித்தாயிற்று என்று டிரைவருக்கு விளக்கு எரிகிறதாம். "பேட்டரி ஒரு செகண்ட் தொய்யறப்ப பட்டனை அழுத்தினா, மோட்டார் பாதியில நின்னுருது பானு. ஆனா விளக்கு எரியுது. அறுநூத்தி நாப்பது தடவை டெஸ்ட் ஓட்டினேன், மூணு தடவை வந்துது." கரண்டி ரசக்கிண்ணத்தின் விளிம்பிலிருந்து மெல்லச் சரிந்து மேஜைக்கு வந்தது. "பிடிக்கல. ஆனா பிடிச்சேன்னு சொல்லுது. அதுதான் பிரச்சனை." நான் என்ன சொன்னேன்? நல்ல வாய் எனக்கு, ஊரே புகழும். "அறுநூத்தி நாப்பதுல மூணுதானே? உங்களுக்கு மேல இருக்கறவங்களுக்குத் தெரியாதா? சத்தியமூர்த்தியப் பாத்தீங்கல்ல, கம்முனு இருங்க." கம்முனு இருங்க. அவர் கரண்டியை எடுத்து ரசத்தில் போட்டார். கம்மென்று இருந்தார். மூன்று வாரம்.

ஆனாலும் முழுக்க அப்படியும் இல்லை, மறுநாள் ஷ்ரவணிடம் சொல்லியிருக்கிறார். ஷ்ரவண் என்பது எட்டுப் பேர் கொண்ட இவர் டீமுக்கு ஸ்க்ரம் மாஸ்டர், வேலையை ஓட்டிப் போகிறவன், இருபத்தொன்பது வயது, நல்ல பிள்ளை, தீபாவளிக்கு முந்திரி அனுப்பினான். திரும்பத் திரும்ப வராத பிழையைப் பிறகு பார்க்கிற பட்டியலில் போட்டுவிடலாம், அந்த வேலைக்கான கார்டை 'முடிந்தது' பக்கம் நகர்த்திவிடுங்கள் வேல், இந்த ஸ்பிரிண்ட்டில் நம் கணக்குக் குறையக் கூடாது என்றானாம். இரண்டு வாரம் ஒரு ஸ்பிரிண்ட். நாற்காலியை விட்டு எழாதவர்கள் ஓடுகிற ஓட்டத்துக்கு அப்படிப் பெயர். வேலைக்கெல்லாம் பாயிண்ட், ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, சீட்டு எடுத்துக் காட்டுவார்களாம், நாலு கிடையாது, ஆறு கிடையாது. என் வீட்டில் இட்லிக்கு அரைப்பது மூன்று, மாமியார் வருவது எட்டு என்று நானும் ஒருநாள் ஃப்ரிட்ஜில் கார்டு ஒட்டினேன், அவர் விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு ஒரே சீரியஸாகி, "முறை மேல தப்பு இல்ல பானு. பழைய காலத்துல ரெண்டு வருஷம் கழிச்சு கண்டுபிடிக்கற தப்பை இப்ப ரெண்டு வாரத்துல பிடிக்கறோம். இந்தப் பிழையையும் அதுதான் பிடிச்சுக் குடுத்துது. முடிஞ்சுதுன்னு சொல்ற வாய்தான் தப்பு" என்றார். முடிந்தது என்றால் என்ன என்பதற்கே ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்களாம், ஒன்பது வரி, ஒன்பதும் ஆனால்தான் கார்டு நகர வேண்டும். ஏழாவது வரி, தெரிந்த பிழை எதுவும் மீதமில்லை. அந்த ஏழாவது வரிக்கு நேரே டிக் போட்ட விரலால்தான் இன்று காலை பவுடர் டப்பாவைத் திறந்திருக்கிறார். இன்றைக்கு ஸ்பிரிண்ட்டின் கடைசி நாள். இன்றைய ஸ்டாண்ட்-அப்பில் யாரும் தடை சொல்லாவிட்டால் பதினொன்றரைக்கு அது கஸ்டமர் கைக்குப் போகிறது, அதற்கப்புறம் காருக்கு.

தண்ணீர் குடித்தேன். கை மணக்கிறது, கையுறையையும் மீறி அந்த அமோனியா நெடி, அந்த நெடி வந்தாலே எனக்குக் கல்லூரி லேப்தான், நீள மர மேஜைகள், ஜன்னலில் சிலுவை, நீலக்கரைச் சேலையில் சிஸ்டர் பெர்னதெத். அமீன் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கச் சாயம் செய்து பார்க்கிற பரிசோதனை. ஐஸில் வைத்து, ஐந்து டிகிரிக்கு மேல் போகாமல், சொட்டுச் சொட்டாக, பொறுமையாக, பிறகு இன்னொன்றை ஊற்றினால் குங்குமச் சிவப்பு பூத்துக்கொண்டு வரும். பொறுமையாக. எனக்கு எங்கிருந்து வரும்? ஐஸில் குளிரட்டும் என்று நான் காத்திருக்கவில்லை, வெறும் குழாய்த் தண்ணீரில் வைத்து மடமடவென்று ஊற்றினேன், குமிழி குமிழியாகப் பொங்கிற்று, அடங்கியபோது டெஸ்ட் ட்யூபில் சகதி நிறத்தில் ஒரு கசடு. பக்கத்து மேஜையில் ஃபிலோமினாவுக்கு அசல் சிவப்பு. மறுபடி செய்ய அரைமணி நேரம் ஆகும். கசடை சிங்க்கில் கொட்டிவிட்டு, ரெக்கார்டில் நல்ல கையெழுத்தில், சிவப்புச் சாயம் கிடைத்தது என்று எழுதினேன். சிஸ்டர் கையெழுத்துப் போடுமுன் பேனாவை நிறுத்தினார். என் ட்யூப் ஸ்டாண்டு காலியாக இருந்ததைப் பார்த்தார். "கலர் வந்துதா பானுமதி?" அடித்திருக்கலாம், திட்டியிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி. "வந்துது சிஸ்டர்." அவர் என் முகத்தை ஒரு ஜெபமாலை மணி நகர்கிற நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பக்கத்துக்குப் பத்துக்குப் பத்து. முப்பது வருஷத்துக்கு மேலாகிறது, சிஸ்டர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், அந்தப் பேனா மட்டும் அப்படியே நிற்கிறது. சின்ன விஷயம்தான். ஒரு ட்யூபுக்கு என்ன, யார் செத்தார்கள்? யாரும் சாகவில்லை. யாரும் சாகாததால்தான் அந்தப் பொய் அதுபாட்டுக்கு உள்ளே இருந்துகொண்டு, கை கோத்துக்கொண்டு.

பத்துப் பதினாறு. ஆரம்பித்துவிட்டார்கள். கதவு ஒருக்களித்திருக்கிறது, லேப்டாப்பிலிருந்து குரல்கள் வருகின்றன, நேற்று இதைச் செய்தேன், இன்று அதைச் செய்வேன், நோ பிளாக்கர்ஸ், தடை ஒன்றுமில்லை. அடுத்தது ஒரு பெண், நேற்று, இன்று, நோ பிளாக்கர்ஸ். கல்லூரிக் கோவிலில் மன்றாட்டுமாலை சொல்வோமே, ஒருவர் சொல்ல மற்றவர்கள் ஒரே வரியைத் திருப்பிச் சொல்லச் சொல்ல அர்த்தம் தேய்ந்து வெறும் தாளமாகிவிடும், அப்படி. இவர் முறை ஐந்தாவது. நான் கூடத்தில் நிற்கிறேன். பதினெட்டு நிமிஷம் ஆகியிருக்கிறது. இவர் உட்கார்ந்திருக்கிற விதம் சரியில்லை. வலது கை மவுஸில் இருக்கிறது, இடது கை எழும்பி, காதுக்குப் போகப் பார்த்து, நான் கூடத்தில் இருப்பது தெரிந்தோ என்னவோ, தோளில் இறங்கிக்கொள்கிறது. மறுபடி எழும்புகிறது. அரிக்கிறது. அந்த மனுஷனுக்கு அரிக்கிறது, அரிக்கவில்லை என்று எனக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார், நான் பார்க்கவில்லை என்று அவருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறேன், இன்னும் பதினேழு நிமிஷம் இப்படியே ஒருவருக்கொருவர் டிக் போட்டுக்கொண்டிருக்கப் போகிறோம். கீழே மாராத்தா யாரிடமோ சிரிக்கிறாள். கார் அங்கேயேதான் நிற்கிறது, விளக்கு எரிந்துகொண்டிருக்கும். மூன்றாவது குரல், நோ பிளாக்கர்ஸ்.

எப்போது துண்டை நனைத்தேன் என்று தெரியவில்லை, சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் நிமிர்ந்து பார்த்துக் கையால் போ என்று சைகை காட்டினார். போகவில்லை. இடது காதை மடக்கித் துண்டால் ஒரே இழுப்பு. பவுடரும் எண்ணெயும் குழைந்து வந்தது. அடியில் நான் எதிர்பார்த்த ஒரு ரூபாய் இல்லை, உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, சின்னச் சின்ன நீர்க்கொப்புளமாக, கழுத்து வரை இறங்கியிருந்தது. எனக்குக் கிடைக்காத அந்தச் சிவப்பு.

"எப்பலேருந்து?"

மைக் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "நேத்து சாயங்காலம்."

"ஏன் சொல்லல?"

"நீ ஏன் கேக்கல?" என்றார். கோபமே இல்லாமல். அதுதான் தாங்கவில்லை.

லேப்டாப்பில் நாலாவது ஆள் முடித்துவிட்டான். "வேல், யுவர் அப்டேட்? எனி பிளாக்கர்ஸ்? வேல், யூ ஆர் ஆன் மியூட்." நான் அவர் தோளைப் பிடித்திருந்தேன். சொல்ல நினைத்தது நிறைய, வாயில் வந்தது இவ்வளவுதான். "அன்னிக்குக் கம்முனு இருங்கன்னு சொன்னேனில்ல. அது தப்பு. எழுந்திருங்க, தலையக் கழுவோணும்."

"ரெண்டு நிமிஷம் பானு."

"ரெண்டு நிமிஷத்துல கண்ணு வீங்குனா?"

"ஒரு நிமிஷம்."

அவர் கை மேலே போனது. காதுக்கு என்று நினைத்தேன். நகத்தால் ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து என் புறங்கையில் ஒட்டினார், பிறகு எதையோ தட்டினார், திரையில் ஏழு சின்ன முகங்களுக்கு நடுவே எட்டாவதாக, தலையில் கரியும் தோளில் பூப்போட்ட நைட்டியுமாக என் வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் ஈரத் துண்டோடு நான். யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "பரவால்ல, சிரிங்க" என்றார் அவர், தமிழில், பிறகு ஆங்கிலத்துக்குப் போனார். ஒரு பிளாக்கர் இருக்கிறது, பார்க்கிங் பிரேக், அறுநூற்று நாற்பதில் மூன்று, நான் போன ஸ்பிரிண்ட்டில் அந்தக் கார்டை நகர்த்தியது தவறு, அதைத் திரும்ப எடுக்கிறேன், இன்றைக்குக் கொடுக்கக் கூடாது.  நான் அதற்குள் கழுத்துப் பக்கம் துடைக்க ஆரம்பித்துவிட்டேன், காத்திருக்கிற ஜாதி இல்லை நான், துடைக்கத் துடைக்க நைட்டியில் கரிக்கோடு ஓடிற்று, அவர் தலையை ஆட்டாமல் பேசி முடித்தார்.  ஒரு முகம் கீழே பார்த்தது, ஒரு முகம் எங்கோ பார்த்தது. ஷ்ரவண் மட்டும் நேராகப் பார்த்தான். பிறகு சொன்னான். "ஓகே வேல். லெட்ஸ் டேக் இட் ஆஃப்லைன்."

ஆஃப்லைன். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சத்தியமூர்த்தியை நினைத்தோம், அவர் லேப்டாப் மூடியை இறக்கியதிலேயே தெரிந்தது. குளியலறையில் குனியவைத்து மக்கு மக்காக ஊற்றினேன். முதலில் கறுப்பாக ஓடியது, பிறகு ஊதாவாக, பிறகு தேநீராக. தண்ணீருக்கடியிலிருந்து, "மாத்திரை வாங்கிட்டுப் போயி டாக்டரப் பாக்கலாம், நீயும் வா" என்றார், "வராம?" என்றேன், "பதினொன்றரைக்கு?" என்றார், இன்னொரு மக்கு ஊற்றினேன். துவட்டி நிமிர்த்திப் பார்த்தேன். கறுப்பு இல்லை. வெள்ளையும் இல்லை. வேர்ப்பக்கம் துரு, நுனிப்பக்கம் பழைய கறுப்பு, நடுவில் சகதி மாதிரி ஒரு நிறம், எந்தப் பெட்டியிலும் படம் போடாத நிறம். கண்ணாடியில் பார்த்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். சமையலறையில் டைமர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் ஆறு நிமிஷம் பாக்கி.

வரல சிஸ்டர், கலர் வரல.